புலிக்கால் வந்தார்!

பிச்சாவரத்தில் படகு ஒதுங்கிப் போகும்போது, பச்சைக் கிளை ஒன்று கைக்கு எட்டினால் ஒடித்துப் பார்க்க ஆசை வராதா? நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க சார்! தில்லை மரம். பால் கண்ணுலே பட்டா பார்வை போயிடும்" என்றார் படகுக்காரர். கை தானாகத் திரும்பிவிட்டது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இதுதான். அது காடாக நிற்பதைப் பார்க்க, ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் இங்கே வரவேண்டும். 1759-ல் லின்னேயஸ் இதற்கு 'எக்ஸ்கோகாரியா' என்று லத்தீனில் பெயர் வைத்தார். குருடாக்குவது என்று பொருள்! படகுக்காரரும் அவரும் ஒரே கட்சி.

இந்தத் தில்லைக் காட்டில்தான் ஒரு முனிவர், வண்டு தொடாத மலரால் பூஜை செய்ய ஆசைப்பட்டாராம். விடியுமுன் மரமேற வேண்டும். பனியில் கால் வழுக்கும். ஆகவே இறைவனிடம் புலிக்காலை வரமாகக் கேட்டு வாங்கினார். வியாக்கிரபாதர் ஆனார், ஊரும் புலியூர் ஆயிற்று.

வியாக்ரம் என்றால் புலி. இரண்டு சொல்லையும் சேர்த்தால் புலியின் பாதம்தானே கிடைக்கவேண்டும்? முனிவர் எங்கிருந்து வந்தார்?

உங்கள் தெருவில் தேன்மொழி என்று ஒரு பெண் இருப்பாளே, அவள் வந்த வழியாகத்தான்! அவள் தேனும் அல்ல, மொழியும் அல்ல. தேன் போன்ற மொழியை உடையவள். சொல்லில் இல்லாத ஒருத்தி வெளியிலிருந்து வந்து நிற்கிறாள். பள்ளியில் அன்மொழித்தொகை என்று உருப்போட்டோமே, அதுதான். வடமொழியில் 'பஹுவ்ரீஹி' என்பார்கள். 'நிறைய நெல்' என்று சொல்லி, நெல் நிறைய உடையவனைக் குறிக்கும் அந்தப் பெயரே ஓர் உதாரணம்.

பாணினி இன்னும் நுட்பமானவர். இத்தகைய தொகையில், உவமையை அடுத்து வரும் 'பாத' கடைசி அகரத்தை இழந்து 'பாத்' ஆகும் என்று தனிச் சூத்திரமே செய்திருக்கிறார். யானை முதலிய சில சொற்களுக்கு மட்டும் விலக்கு. புலிக்குக் காலில் வெட்டு, யானைக்கு முழுக்கால்! இதற்குக் காசிகை உரை தரும் உதாரணம் என்ன தெரியுமா? வியாக்ரபாத்!

பாணினிக்கு மகாபாஷ்யம் எழுதியவர் பதஞ்சலி. அவரே தில்லையில் நடனம் கண்ட பதஞ்சலி என்பது மரபு. சரித்திரக்காரர்கள் தலையை ஆட்டுவார்களோ, அசைப்பார்களோ! நடராஜர் படம் வீட்டில் இருந்தால் இருபுறமும் பாருங்கள். பல படங்களில் இடுப்புக்குக் கீழே பாம்பாக ஒருவர் நிற்பார். எதிரே, புலிக்காலோடு மற்றவர்.