பிரைமர்: தோட்டாவுக்குத் தீ மூட்டும் கிண்ணம்

ரைஃபிள் தோட்டாவின் அடிப்புறத்தில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று பதிந்திருக்கும். அதுதான் பிரைமர். துப்பாக்கியின் ஊசி மோதியதும் அதற்குள் இருக்கும் மருந்து நசுங்கித் தீப்பற்றும். அந்தத் தீ சிறு துளை வழியாகப் பாய்ந்து வெடிமருந்தைக் கொளுத்தும். தீபாவளிப் பொட்டு வெடி கல்லால் தட்டியதும் வெடிப்பது போலத்தான். இந்த உத்தியைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து 1807இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத்.

அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடும் போட்டியாளர்களும் பலர், சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை வீசிவிடுவதில்லை. புதிய பிரைமர் பதித்து, மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துகிறார்கள். பாக்ஸர் எனப்படும் வகைக் கூட்டின் நடுவே ஒரே துளை இருப்பதால் பழைய பிரைமரைத் தள்ளி எடுப்பது எளிது.

ரைஃபிள் பிரைமரில் சிறியது 4.45 மில்லிமீட்டர், பெரியது 5.33 மில்லிமீட்டர் விட்டம். கைத்துப்பாக்கிப் பிரைமருக்கும் இதே விட்டங்கள்தான். ஆபத்து இங்குதான் தொடங்குகிறது. கைத்துப்பாக்கிப் பிரைமரின் தகடு மெல்லியது. ரைஃபிளின் கடும் அழுத்தத்தில் அது துளைபட்டால் சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்னால் பீறிடும். அளவு பொருந்துகிறதே என்று ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றவே கூடாது.

‘மேக்னம்’ வகைப் பிரைமரின் சுவாலை பெரிது. அதிக மருந்து கொள்ளும் தோட்டாவுக்கும், எளிதில் பற்றாத மருந்துக்கும், கடுங்குளிருக்கும் அது ஏற்றது. சாதாரணப் பிரைமருக்குக் கணக்கிட்ட மருந்தோடு இதைச் சேர்த்தால் அழுத்தம் எல்லை மீறலாம். ஆகவே தோட்டா நிரப்பும் கையேடு சொல்லும் பிரைமரையே வாங்க வேண்டும். பிரைமரின் நிறுவனம் மட்டும் மாறினாலும், கையேட்டின் தொடக்க அளவுக்கு மருந்தைக் குறைத்துப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

எம்1 காரண்ட், எஸ்கேஎஸ் போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் பலவற்றில் ஊசியைப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. தோட்டா அறைக்குள் ஏறும் வேகத்திலேயே ஊசி முன்னால் நகர்ந்து பிரைமரைத் தட்டும். விசையைத் தொடாமலே வெடித்த நிகழ்வுகள் உண்டு. எளிதில் தூண்டப்படாத, இராணுவத் தரத்துப் பிரைமர்கள் இவற்றுக்காகவே விற்கப்படுகின்றன. எதைப் பதித்தாலும் தோட்டாவின் அடியை விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும்: பிரைமர் மயிரிழை உள்வாங்கியிருக்க வேண்டும், துருத்தக் கூடாது.

இன்றைய பிரைமர்கள் பெரும்பாலானவற்றில் ஈயச் சேர்மம் இருப்பதால் வேலை முடிந்ததும் கை கழுவுவது கட்டாயம். பிரைமர்களை நிறுவனத்தின் பெட்டியிலேயே, ஒன்றோடொன்று உரசாமல் வைத்திருக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைத்தால், ஒன்று வெடித்ததும் அத்தனையும் சேர்ந்து வெடிக்கும்.