பாறை கறுக்கும் காலம்

திருப்பதிக்குப் போனால் மலையேறி, தரிசனம் முடித்து, லட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். ரேணிகுண்டா பக்கம் ஓடும் ராள்ளகாலுவ என்ற ஓடை பலர் கண்ணில் படுவதில்லை. பாறையில் கீறிய ஆதி மனிதரின் படங்களைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஓடைக்கரையில்தான் இருக்கிறது.

1960களில் சித்தூர் மாவட்டத்தின் கற்காலத்தை ஆராய்ந்தவர் தொல்லியலாளர் எம்.எல்.கே. மூர்த்தி. இந்த ஓடைப் பகுதியில் அவர் கண்டவை, குவார்ட்சைட் கல்லிலிருந்து பெயர்த்தெடுத்த நீண்ட, மெல்லிய கத்தி அலகுகள். முனையைக் கூராக்கிய சிறு உளிகள். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையவை. திருமலையின் மேற்பகுதி முழுக்க அதே வகைக் கல்தான்; மலைமேல் உள்ள சிலாதோரணம் என்ற இயற்கைக் கல் வளைவும் அதுவே. எந்தக் கல்லை, எந்தக் கோணத்தில் அடித்தால் எப்படிப் பெயரும் என்ற கைப்பழக்கம் இந்த மண்ணில் அவ்வளவு பழையது.

பாறைப் படமும் அதே அடியில் பிறந்ததுதான். கருவி செய்கிறவர் பெயர்ந்த சில்லை எடுத்துக்கொள்வார். படம் செய்கிறவருக்குச் சில்லு வேண்டாம், அது விழுந்த தழும்பு போதும். தழும்புகளை நெருக்கமாக வைத்துக்கொண்டே போனால் ஒரு கோடு கிடைக்கும். கோடு வளைந்தால் கொம்பு, நீண்டால் முதுகு.

அதைக் கண்ணால் காண வேண்டுமானால் ரேணிகுண்டாவிலிருந்து குண்டக்கல் வழியாக ரயிலில் பல்லாரிக்குப் போகலாம். இன்று அது கர்நாடகம். 1953 வரை சித்தூரைப் போலவே சென்னை மாகாணத்தில் இருந்த மாவட்டம். ஊருக்கு அருகே சங்கனகல்லு, அதை ஒட்டிக் குப்கல் மலை. வெளிர் நிறக் கருங்கல் மலையின் குறுக்கே டாலரைட் என்ற கரிய பாறை ஒரு பட்டையாக ஓடுகிறது. படங்கள் பெரும்பாலும் அந்தக் கரிய பாறைகளில்தான். நீண்ட கொம்பும் திமிலும் கொண்ட மாடுகள் திரும்பிய பக்கமெல்லாம் நிற்கின்றன. அங்கே வாழ்ந்த புதிய கற்கால மக்களுக்கு மாடுதான் செல்வம். 1892இல் ஃபிரெட் ஃபாசெட் என்பவர் இவற்றைப் பற்றி எழுதினார். வயநாட்டின் எடக்கல் கீறல்களை 1901இல் விரிவாகப் பதிவு செய்தவரும் அவரே. எடக்கல்லில் கோடுகளை ஆழமாக அறுத்திருக்கிறார்கள், குப்கலில் கொத்தியிருக்கிறார்கள்.

ஏன் கரிய பாறையைத் தேடிப்போனார்கள்? டாலரைட்டின் உள்நிறம் சாம்பல். வெயிலும் மழையும் காற்றும் பட்டுப்பட்டு அதன் மேற்பரப்பு கறுத்துப்போகிறது. கொத்தினால் கருமை போய் வெளிர் நிறம் தெரியும்; படம் பளிச்சென்று நிற்கும். பிறகு அந்தத் தழும்பும் மெல்ல மெல்லக் கறுக்கத் தொடங்கும். புளி போட்டுத் தேய்த்த செப்புக்குடம் நாளாக ஆகக் கறுப்பதைப் பார்த்திருக்கிறீர்களே, அப்படித்தான். குடத்துக்கு மாதங்கள் ஆகும், பாறைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள்.

இந்தக் கருமைதான் ஆய்வாளர் கையில் இருக்கும் நாட்காட்டி. ஒரே பாறையில் ஒரு மாடு ஏறக்குறையப் பாறையின் நிறத்துக்கே வந்துவிட்டிருக்கும்; அதன்மேல் ஏறிக் கிடக்கும் இன்னொரு உருவம் இன்னும் வெளிறித் தெரியும். எது முந்தியது என்று சொல்ல எழுத்து எதுவும் வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கைத் துல்லியமாகத் தராது, வரிசையைத் தரும். குதிரை போன்ற, தென்னாட்டுக்குப் பிந்தி வந்த விலங்கு தென்பட்டால் அந்த வரிசை இன்னும் உறுதிப்படும்.

குப்கலில் காதுக்கும் வேலை உண்டு. சில பாறைகளில் வழவழப்பான குழிகள் இருக்கின்றன. அங்கே கல்லால் தட்டினால் மணி போன்ற கணீர் ஒலி எழும். தொல்லியலாளர் நிக்கோல் பாய்வின் 2004இல் வெளியிட்ட கட்டுரை இதை உலகுக்குச் சொன்னது. கொத்தும்போது எழுந்த ஓசையும் அந்த மக்களுக்கு முக்கியமாக இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து.

போகிறவர்கள் காலையோ மாலையோ போங்கள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு தழும்பிலும் சிறு நிழல் விழும். உச்சி வெயிலில் படம் கண்ணுக்கே அகப்படாது. சரியாகத் தெரியவில்லையே என்று சாக்பீஸால் கோடு இழுக்காதீர்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், தேய்க்காதீர்கள். ஒலி கேட்கும் ஆசையில் தட்டவும் வேண்டாம். ஒவ்வொரு தட்டும் புதுத் தழும்பு. பக்கத்திலேயே உங்கள் பெயரைக் கீறினால் அது சட்டப்படியும் குற்றம்: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தனி ஒருவரின் கையைவிடப் பெரிய ஆபத்து கல் உடைப்பு. குப்கல் பாறைகளே ஜல்லிக்காக உடைபட்டிருக்கின்றன. சித்தூர்ப் பக்கமும் நம் வடாற்காட்டுப் பக்கமும் ஊருக்கு ஊர் குவாரி. உங்கள் ஊர்ப் பாறையில் மாடோ மனித உருவமோ கண்ணில் பட்டால், தொடாமல் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். பதிவாகாத பாறைக்காக வாதாட யாராலும் முடியாது.