முதியவருக்கும் ஒரு வக்கீல்

2013-இல் லாஸ் வேகஸில் ஒரு முதியவரின் வீடு, வங்கிக் கணக்கு, மருந்து மாத்திரை எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள இரண்டு காகிதங்கள் போதுமாயிருந்தன. ஒன்று மருத்துவச் சான்றிதழ், இன்னொன்று கோர்ட்டில் போடும் அவசர மனு. விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடும். சம்பந்தப்பட்டவர் ஆஜராக வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தகவல்கூடப் போகாமல் தற்காலிக ஆணை கிடைத்துவிடும். இப்படிப் பொறுப்பேற்பவருக்குக் கார்டியன் என்று பெயர். அமெரிக்காவின் பல மாநிலங்களில் உயில், சொத்து வழக்குகளைப் பார்க்கும் புரோபேட் நீதிமன்றத்தில்தான் கார்டியன் நியமனம் நடக்கிறது. லாஸ் வேகஸிலோ குடும்ப நீதிமன்றத்தில்.

அங்கே ஏப்ரல் பார்க்ஸ் என்பவர் கார்டியன் வேலையையே தொழிலாக வைத்திருந்தார். அந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை ஒரு வயதான தம்பதியின் வீட்டுக்குப் போய், கோர்ட் ஆணை இருக்கிறது, கிளம்புங்கள் என்றார். மறுத்தால் போலீஸ் வரும் என்றார். இருவரும் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெற்றோரைப் பார்க்க வந்த மகள் பூட்டிய கதவில் ஒட்டியிருந்த தாளைத்தான் பார்த்தார்: அவசரமென்றால் கார்டியனை அழைக்கவும், கீழே பார்க்ஸின் பெயர். ரேச்சல் அவிவ் 2017-இல் ‘தி நியூ யார்க்கர்’ இதழில் இதை விரிவாக எழுதினார்.

பார்க்ஸ் மணிக்கு இவ்வளவு என்று பில் போடுவார். ஒரே தடவை கடைக்குப் போய்வந்துவிட்டு அந்த நேரத்தைப் பல பேர் கணக்கில் எழுதினார் என்பது பின்னால் வந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. மகள் வழக்குப் போடலாம்தான். ஆனால் தன் வக்கீலுக்கு அவர் கைக்காசு கொடுக்கவேண்டும். கார்டியனின் வக்கீலுக்கோ அப்பா அம்மாவின் சேமிப்பிலிருந்தே பீஸ் போகும். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் யாரோ தெரியவில்லை, ஆனால் கெட்டிக்காரர்.

யாருக்கும் தெரியாமல் நடந்த விஷயமுமல்ல. 1987-இலேயே அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் 50 மாநிலங்களிலும் 2,200-க்கு மேற்பட்ட கார்டியன் வழக்குக் கோப்புகளைப் புரட்டி எழுதிவிட்டார்கள். 2010-இல் மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் இறந்துபோன ஒருவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கொண்டு போலி விண்ணப்பம் போட்டுப் பார்த்தது. கார்டியனாகத் தகுதி பெற அதுவும் செல்லுபடியானது.

நெவாடாவில் குடும்பங்களின் கூச்சலும் உள்ளூர்ப் பத்திரிகைகளின் குடைச்சலும் தாங்காமல் 2015-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு குழு போட்டது. தொழில்முறைக் கார்டியன்களுக்கு உரிமம் கட்டாயமானது. 2017-இல் வந்த சட்டங்கள்தான் நிலைமையைத் திருப்பின. இன்று கார்டியன் கேட்டு மனு வந்தால் அந்த முதியவருக்கென்று ஒரு வக்கீல் நியமிக்கப்படுகிறார். லாஸ் வேகஸில் இலவச சட்ட உதவி மையத்தின் வக்கீல்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். கணக்குகளைத் தோண்டிப் பார்க்க உச்ச நீதிமன்றத்தின் கீழ் தனி அலுவலகம் இருக்கிறது. சந்தேகம் வந்த மகன் அங்கே புகார் செய்யலாம். பில்லை எதிர்த்துக் கோர்ட்டில் ஆட்சேபிக்கலாம். கார்டியனை நீக்கச் சொல்லி மனு போடலாம். உறவினர் வந்து பார்ப்பதைக் கார்டியன் தன் இஷ்டத்துக்குத் தடுக்க முடியாது. பார்க்ஸுக்கு 2019-இல் 16 முதல் 40 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைத்தது.

என்னைக் கேட்டால், இவற்றில் பெரிய மாற்றம் வக்கீல்தான். ஆனால் அவர் மகளின் வக்கீல் அல்ல, முதியவரின் வக்கீல். சில குடும்பங்களுக்கு இது பிடிப்பதில்லை. அம்மாவின் நகையில் கைவைப்பது எப்போதும் வெளியாள்தான் என்று சொல்ல முடியுமா?

வக்கீல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குக் கலிபோர்னியாவில் சாட்சி உண்டு. 2008 முதல் கார்டியன் பொறுப்பில் இருந்த பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸுக்குக் கோர்ட் நியமித்த வக்கீல் ஒருவர் இருந்தார். தனக்கு வேண்டிய வக்கீலைத் தானே வைத்துக்கொள்ள 2021 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் கார்டியன் ஏற்பாடு ரத்தானது. வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த ஆண்டே அம்மாநிலத்தில் சட்டமானது.

மற்ற மாநிலங்களில் நிலைமை இடத்துக்கு இடம் மாறுகிறது. நெவாடாக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நினைவு தெளிவாக இருக்கும்போதே, நாளைக்குத் தேவைப்பட்டால் யார் கார்டியன் என்று எழுதிக் கையெழுத்திட்டு மாநிலச் செயலரின் பதிவேட்டில் சேர்த்துவிடலாம். மகளின் பெயரை எழுதலாம், நம்பிக்கையான சிநேகிதியின் பெயரையும் எழுதலாம்.