மாமனார் சீட்டும் மருமகள் மறதியும்

கரையான்சாவடி பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய மருந்துக்கடை. ஐம்பதைத் தொட்ட ஒரு பெண் மாமனாரின் பழைய மருந்துச்சீட்டை நீட்டுகிறார்.

"தம்பி, இது மறதிக்குக் குடுக்கற மாத்திரைதானே? நானும் போட்டுக்கலாமா?"

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடித்து இரண்டு வருடமாகிறது. கேஸை அணைத்தோமா என்று நாலு தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறார். எதிர்வீட்டுக்காரியின் பெயர் தொண்டையிலேயே நிற்கிறது.

"சீட்டு அவருக்கு எழுதினது அக்கா. உங்க டாக்டரைக் கேட்டுட்டு வாங்க."

தம்பி சொன்னதுதான் சரி. அந்த மாத்திரை டோனெபெசில். ஜப்பானின் ஐசாய் நிறுவனம் உருவாக்கிய இதற்கு, அல்சைமர் நோய்க்காக அமெரிக்கா 1996இல் அனுமதி தந்தது. நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலினைக் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி சிதைத்துக்கொண்டே இருக்கும். மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது. ஊற்றைப் பெருக்காது; தொட்டியின் ஓட்டையை அடைக்கும், அவ்வளவுதான்.

புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் மறதிக்கும் இது உதவுமா? அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் ஆய்வாளர்கள், மூளையில் கதிர்வீச்சு பெற்ற 198 பேரிடம் 24 வாரம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2015இல் வெளியான முடிவில், ஒட்டுமொத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சில நினைவுச் சோதனைகளிலும் கைவேகத்திலும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. பாதிப்பு அதிகம் இருந்தவர்களுக்குப் பலனும் கூடுதல்.

அந்த நம்பிக்கையில், கீமோ முடித்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 276 பேரிடம் அடுத்த சோதனை நடந்தது. அதிலும் 24 வாரம்தான். நினைவாற்றலில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசமே இல்லை.

தோற்றுப்போன ஆய்வு வீணல்ல. பலனில்லாத மாத்திரைக்குக் காசும், அதன் குமட்டல், வயிற்றுப்போக்கு, இதயத் துடிப்புக் குறைவு ஆகியவற்றுக்கு உடம்பும் கொடுக்காமல் பலரைக் காக்கிறது.

கீமோ மறதி கற்பனையல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. எனவே அடுத்த முறை புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கும்போது, கட்டியைப் பற்றி மட்டுமல்ல, கேஸ் அடுப்பைப் பற்றியும் சொல்லுங்கள். மறந்துவிடுமென்றால், இப்போதே ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.