எழுதியது நிலைத்ததா?

கூட்டுறவின் உயிர்நாடி கணக்கு. நெசவாளர் பெற்ற நூலும் கூலியும், விவசாயி வாங்கிய கடனும் செலுத்திய தவணையும் உள்ளபடி பேரேட்டில் நிலைத்திருந்தால்தான் சங்கத்தின்மீது அங்கத்தினருக்கு நம்பிக்கை நிலைக்கும். இன்று பேரேடுகள் பல கணினிக்குள் புகுந்துவிட்டன. ஆதலின், மின்சாரம் திடீரென நின்றாலும் எழுதியது அழியாதிருக்கச் செய்யப்படும் ஏற்பாடுகளை நாம் அறிந்திருத்தல் நலம்.

கணினியின் சாதாரண நினைவகம் வேகமானது. ஆனால் மின்சாரம் நின்றால் யாவற்றையும் மறந்துவிடும். வட்டு மறவாது, ஆனால் மெதுவானது. இவ்விரண்டின் நற்குணங்களையும் இணைக்க எழுந்ததே நிலைநினைவகம். இன்டெல் நிறுவனம் 2019-இல் ஆப்டேன் என்னும் பெயரால் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2022-இல் அத்தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆயினும் அது கற்பித்த பாடம் இன்றும் பயன்படுவதே.

செயலி எழுதுவது உடனே நினைவகத்தைச் சேர்வதில்லை. 64 பைட்டுகள் கொண்ட வரிகளாக, கேஷ் என்னும் இடைச் சேமிப்பில் முதலில் தங்குகிறது. சிட்டையில் குறித்தது பேரேட்டில் ஏறாதிருப்பதைப் போன்றது இது. ஆகவே, அவ்வரியை வெளியே அனுப்புமாறு ஒரு கட்டளையும், அது முடியும்வரை காத்திருக்குமாறு மற்றொரு கட்டளையும் இடவேண்டும்.

அதுவும் போதாது. இன்டெல் வகைச் செயலிகளில் பிளவுபடாமல் எழுதப்படுவது 8 பைட்டுகளே. நூல் பற்று எழுதியபின் கூலி வரவு எழுதுமுன் மின்சாரம் நின்றால் கணக்குப் பாதியில் நிற்கும். எனவே, பழைய தொகையை முதலில் ஒரு குறிப்பேட்டில் நிலைபெறச் செய்து, பின்னரே திருத்துவர். இடையில் தடை நேர்ந்தால், கணினி மீண்டும் இயங்கும்போது அக்குறிப்பைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இயங்குதளத்திற்கும் இதில் பொறுப்புண்டு. கோப்பின் எப்பகுதி எங்குள்ளது என்னும் விவரம் தொலைந்தால், நிலைத்த தகவலும் எட்டாததாகிவிடும். அவ்விவரத்தையும் உடன் காக்கும் வசதி 2018-இல் லினக்ஸில் சேர்ந்தது.

ஒரு பெருங்கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளைக் குடியமர்த்தும்போது அபாயம் மிகுகிறது. குடியிருப்பது நிலைநினைவகம் என்று கருதுவது, உண்மையில் வீட்டுக்குரியதன் சாதாரண வட்டிலுள்ள கோப்பாகவும் இருக்கலாம். அப்போது அது இடும் கட்டளைகள் தகவலை வட்டுவரை கொண்டு செல்லா. பெருங்கணினியின் மறக்கும் நினைவகத்திலேயே தகவல் தங்கிவிடும். இக்குறையைப் போக்க 2019-இல் லினக்ஸில் விர்டியோ-பிமெம் சேர்க்கப்பட்டது. உள்ளிருக்கும் கணினி விண்ணப்பிக்க, வெளிக்கணினி வட்டில் எழுதி முடித்தபின்னரே மறுமொழி தரும்.

பணம் பெட்டியில் சேருமுன் ரசீது கொடுப்பது முறையன்று. அதுபோலவே, தகவல் நிலைக்குமுன் "பதிவாயிற்று" என்று கணினி கூறுதல் தகாது. யந்திரமோ சேவையோ வாங்கும் சங்கங்கள், "எந்தக் கணத்தில் எங்கள் பதிவு நிலைக்கிறது?" என்று கேட்டறிதல் வேண்டும். தீக்கும் திருட்டுக்கும் மட்டும் இவ்வேற்பாடுகள் காவலாகா. வேறோரிடத்தில் ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும்.