பழம்பெட்டியும் புதுப்பூணும்

கேரள நாட்டுப் பழைய இல்லங்களில் அணிகலன்களைப் பேணி வைத்தற்குப் பயன்பட்ட மரப்பெட்டி ஒன்றுண்டு. அதற்கு நெட்டூர்ப் பெட்டி என்று பெயர். கோயிற் கூரைபோல் நாற்புறமும் சரிந்த மூடியும், ஈட்டி முதலிய வன்மரத்தால் அமைந்த உடலும், மூலைகளைப் பிணைக்கும் பித்தளைப் பூண்களும் அதன் சிறப்புகளாம்.

நாட்பட நாட்பட இத்தகைய பெட்டிகளின் கீல் தேயும், கொண்டி ஒடியும், பூண் கழன்று வீழும். அவற்றைச் செப்பனிடுவோர் ஒன்றை மறத்தலாகாது: பழுது நீக்குதல் வேறு, புதியது செய்தல் வேறு. உப்புத்தாளால் அழுந்தத் தேய்த்தால் மரம் பளபளக்கும். ஆயினும், அதனைச் செய்த தச்சனின் உளிச்சுவடும், காலம் தந்த நிறமும் மீளாது மறையும். மெல்லிய துணியால் அழுக்கை அகற்றுதலே சாலும்.

இழந்த பூணுக்கு ஈடாக இரும்பை அமைத்தல் தகாது. இரும்பு ஈரத்தில் துருப்பிடித்துப் பருக்கும். அத்துரு மரத்தைக் கறைப்படுத்தும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை அவ்வாறு துருப்பிடிப்பதில்லை. எஞ்சிய பழம்பூணையே மாதிரியாகக் கொண்டு, அதே அளவிலும் கனத்திலும் புதுத்தகட்டை வெட்டுதல் வேண்டும். ஆணி தளர்ந்த துளையை அதே இன மரத்துண்டால் அடைத்து, அதில் சிறு துளையிட்ட பின்னரே ஆணியை இறக்குதல் வேண்டும். இன்றேல் மரம் பிளந்துவிடும். பிரிந்த மூட்டுகளை வச்சிரத்தால் ஒட்டினால், பின்னொரு நாள் வெந்நீரால் இளக்கி மீண்டும் செப்பனிடலாம்.

மாற்றிய உறுப்பு இன்னதெனப் பெட்டியினுள் ஒரு குறிப்பு வைத்தலும் நன்று. பிற்காலத்தார் பழையதையும் புதியதையும் மயங்காது அறிவர். தன் கைத்திறனை அடக்கக் கற்றவனே முன்னோர் கைத்திறனைக் காக்க வல்லவன்.