ஆபரேஷனுக்கு முன் ஒரு 'சர்ச்'!

கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதமாகியும் சினிமாப் பாட்டைத் தாண்டாத குமாரபாளையத்து நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். விசைத்தறி வைத்திருப்பவர். அவருடைய தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. அம்மா ஒன்றைத் தருகிறார். "ஆபரேஷன்ல ரத்தம் ரொம்பப் போயிடுமுங்களா? அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே? கம்ப்யூட்டர்ல பார்க்க முடியுங்களா?" என்றார்.

முடியும். ஆனால் கூகுளில் 'கிட்னி' என்று மட்டும் டைப் செய்யாதீர்கள். வைத்தியம் என்ற பெயரில் விளம்பரங்கள்தான் வந்து குவியும். 'சிறுநீரகம் வாங்குகிறோம்' என்று முன்பணம் பறிக்கும் மோசடிக்காரர்களும் உண்டு. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பு விற்பனை குற்றம். கிளிக் செய்யவே வேண்டாம்.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் 'பப்மெட்' வெப்சைட்டுக்குப் போங்கள். இலவசம். தேடும் கட்டத்தில் 'டோனர் நெஃப்ரெக்டமி', 'ஹெமரேஜ்' என்ற இரண்டு சொற்களையும் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் சுருக்கத்தை காப்பி செய்து கூகுள் டிரான்ஸ்லேட்டில் பேஸ்ட் செய்தால் தமிழில் ஓரளவு புரியும்.

அங்கே கிடைக்கும் ஒரு விஷயம் முக்கியம். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒரு சிறுநீரகத்துக்கு மட்டும் நிமிடத்துக்கு அரை லிட்டர். அதாவது, தானம் தருபவர் உடலில் வெட்டிய தமனியின் அடைப்பு நழுவினால் நிமிடத்துக்கு ஒரு பை ரத்தம் போய்விடலாம். லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் இந்தத் தமனியை பிளாஸ்டிக் பூட்டு கிளிப் மட்டும் போட்டு அடைத்து, அது நழுவி, தானம் தந்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அதனால் இந்த ஆபரேஷனில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2006-லேயே தயாரிப்பாளர் அறிவித்தார். 2011-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.வும் எச்சரித்தது. ஸ்டேப்ளர் போடுவது அல்லது நூலால் குத்தித் தைத்துக் கட்டுவதுதான் பாதுகாப்பு. "அம்மாவின் தமனியை எதைக் கொண்டு அடைப்பீர்கள், டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெறுபவர் விஷயம் வேறு. புதுச் சிறுநீரகத்தை அடிவயிற்றின் பக்கத்தில் வைத்து, காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களோடு தைக்கிறார்கள். இந்தத் தையலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1894-ல் பிரான்ஸ் ஜனாதிபதி சாடி கார்னோ லியோன் நகரில் கத்திக்குத்துப் பட்டு, அறுந்த ரத்தக் குழாயைத் தைக்க வழியின்றி இறந்தார். அந்த ஊர் இளம் டாக்டர் அலெக்சிஸ் காரல் எம்பிராய்டரிப் பெண்மணி ஒருவரிடம் போய் நுண்ணிய ஊசியில் தைக்கப் பழகினார். வட்டமான குழாயை மூன்று இடத்தில் நூலால் இழுத்துப் பிடித்தால் முக்கோணமாகிவிடும். பிறகு நேர்கோட்டில் தைத்துவிடலாம். 1912-ல் நோபல் பரிசு! அறுந்த இழையைப் பிணைத்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தைத்து முடிந்ததும் கிளாம்ப்பைத் தளர்த்துவார்கள். வெளுத்த சிறுநீரகம் இளஞ்சிவப்பாகும். கசிவு எங்கே இருக்கிறது என்று தேடி அடைப்பதும் அப்போதுதான். கழிவுகள் ரத்தத்தில் தேங்கியவருக்கு பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அவை சரியாக ஒட்டாது. முன்கூட்டியே டயாலிசிஸ் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ரத்தம் ஏற்றியும் சமாளித்துவிடலாமே என்றால், ஏற்றிய ரத்தம் புது உறுப்பை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தூண்டக்கூடும். தேவைக்கு மேல் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

கடைசியாக ஒரு வேலை. எக்ஸெல்லைத் திறந்து மாத்திரையின் பெயர், அளவு, நேரம் என மூன்று காலம் போடுங்கள். இருவரும் சாப்பிடும் மாத்திரைகளை, ஆஸ்பிரின் உட்பட ஒன்று விடாமல், நிரப்பி பிரின்ட் எடுத்து டாக்டரிடம் கொடுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர் சொல்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம். மத்திய அரசின் 'இ-ரக்த்கோஷ்' வெப்சைட்டில் மாநிலம், மாவட்டம், ரத்தப் பிரிவு மூன்றையும் தேர்ந்தெடுத்தால், எந்த ரத்த வங்கியில் என்ன இருப்பு என்று காட்டும். அதையும் புக்மார்க் செய்து வையுங்கள்.